முள் எடுத்த பிறகும்

செம்பனை மட்டை முள்
குணாளன் முழங்காலில் இருந்தது இரண்டே நாள்.
டிஸ்பென்சரியில் பிடுங்கிப் பஞ்சில் வைத்துக் காட்டினார்களாம்,
அரிசி நீளம்கூட இல்லை.
அது மார்ச்.
இது ஜூன். முட்டி இன்னும் இளநீர்க்காய் மாதிரி.

சிலிம் ரிவர் மருத்துவமனை, இரவு ஷிப்ட்.
குழாயில் வெறும் பார்கோடுதான்.
ஆனால் அண்ணனின் ஐ.சி. எண்ணில் கடைசி நாலு இலக்கம்
எனக்கு மனப்பாடம்.
சி.ஆர்.பி. நாற்பத்தெட்டு.
எரிகிறது என்று மட்டும் சொல்லும் எண்.
அணைக்க யாராவது புறப்பட்டார்களா என்று
அதற்குத் தெரியாது.

புறப்படுகிறவர் உண்டு.
படிக்கும்போது பெயரைக் கேட்டுச் சிரித்தோம்:
இன்டர்லூக்கின் பத்து,
ஏதோ பஸ் நம்பர் போல.
துளிப் புரதம். அணு அணுவாகப் போய்
"போதும், கத்தியைக் கீழே வை" என்று சொல்வதே வேலை.
முதலில் கூச்சல் போட்டு ஊரைக் கூட்டிய அதே விழுங்கணு
பிற்பாடு தானே அதைச் சுரக்கும்.
அடித்த கையே
தண்ணீர் மொண்டு கொடுப்பது போல.

அதைக் கேட்கும் காது இல்லாமல்
பிறக்கிற பிள்ளைகள் எங்கோ இருக்கிறார்கள்.
பால்குடி வயதிலேயே குடல் புண்ணாகும்,
ஓயச் சொன்னது உள்ளே
யாருக்கும் எட்டாததால்.

எங்கள் லேபில் அதை அளக்கக் கருவி கிடையாது.

நானும் குணாளனும் பேசிப் பதினான்கு மாதம்.
லயத்து வீட்டு இழப்பீடு யார் பெயரில் என்பதில் தொடங்கியது.
பணம் வந்தது, பங்கு பிரித்தோம்,
கிராணி முன்னால் கையெழுத்தும் ஆயிற்று.
இன்றும் பாசாரில் எதிரே வந்தால்
ஆளுக்கொரு பக்கம் திரும்பி
வாங்காத மீனுக்கு விலை கேட்கிறோம்.

இத்தோடு விட்டிருந்தால்
நல்ல புத்திமதியாக முடிந்திருக்கும்.
மூன்று மணிக்கு ஷஃபிகுலின் சளி வந்தது.
வங்காளதேசத்துப் பையன், ஏழாம் டிவிஷனில் உரம் போடுகிறவன்.
காய்ச்சல் என்று பிரட்டில் ஒருநாளும் சொன்னதில்லை.
கண்ணாடித் தகட்டில், நீலத்தின் மேல், சிவப்புக் குச்சிகள்.
எண்ண எண்ண வந்துகொண்டே இருந்தன.

காசக்கிருமி கெட்டிக்காரக் குடித்தனக்காரன்.
விழுங்கணுவின் வீட்டுக்குள்ளேயே புகுந்துகொண்டு
அதன் வாயாலேயே "போதும்" சொல்ல வைக்கும்.
அதே பத்து, அதே இதமான குரல்.
படை கலையும்.
கிருமி பாய் விரித்துப் படுக்கும்.

தோட்டம் கைமாறியபோதும் ஒருவர் வந்தார்,
மடிப்புக் கலையாத நீலச் சட்டை, பெயர் வேண்டாம்.
"பெரிய மனசு பண்ணுங்க, இத்தோட போதும்."
நாற்பத்திரண்டு குடும்பம் அட்டைப் பலகைகளை மடக்கியது.
கோயிலுக்கென்று சொன்ன நிலம்
காகிதத்தில் கால் ஏக்கர் சுருங்கியிருந்தது
பிறகுதான் கண்ணில் பட்டது.
அன்றைக்குக் கடைசிவரை கத்தியவன் குணாளன் ஒருவன்.
அவன் சட்டையைப் பிடித்து இழுத்து
உட்கார வைத்தது
நான்.

விடியும் நேரம்
அவன் விண்ணப்பத் தாளைத் திருப்பிப் பார்த்தேன்.
முன்பே பார்த்திருக்க வேண்டும்.
"ஸ்கேன்: முட்டிக்குள் முள்ளின் முனை,
மூன்று மில்லிமீட்டர். அறுவைக்கு முந்திய பரிசோதனை."
பிடுங்கும்போது உடைந்திருக்கிறது.
பஞ்சில் காட்டியது முழு முள் இல்லை.
மூன்று மாதமாக அந்த முட்டி
உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

ஏழு மணிக்கு, கேன்டீன் வாசலில்,
பொட்டலக் கோப்பி ஓ விரலைச் சுட
எண்ணை அழுத்தினேன்.
எடுத்தான்.
"கால் மடங்குதா?"
"பாதி."
அப்புறம் ரெண்டு பேரும் பேசவில்லை,
வைக்கவும் இல்லை.
அவன் பக்கம் குலை ஏற்றிய லாரி ஒன்று
கியர் மாற்றி மேடேறும் சத்தம்
வெகுநேரம் கேட்டது.